கைவேலை ஆம்ப்: யாரோட கை?

ஆபீஸ்ல கூட வேலை பாக்கற நண்பன் ஒருத்தன். வார நாள்ல ஜாவா, வாரக் கடைசியில கிடார். போன மாசம் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கணும்னு முடிவு பண்ணி, ரெண்டு மாடல் படம் எடுத்துட்டு வந்து காட்டினான். ரெண்டும் ஏறக்குறைய ஒரே சர்க்யூட்தான். ஒண்ணுக்குள்ள பி.சி.பி. இன்னொண்ணு 'ஹேண்ட்வயர்டு', அதாவது ஒவ்வொரு ஒயரும் ஒரு ஆள் உக்காந்து கையால சால்டர் பண்ணினது. விலை ரெண்டு மடங்குக்கும் மேல.

"நீ இ.சி.இ. படிச்சவன்தானே, சொல்லு. இந்தக் காசு சத்தத்துக்கா, பேருக்கா?"

படிச்சது இ.சி.இ., பொழப்பு பொட்டி தட்டறது. பி.சி.பி.ன்னா எனக்கு ஞாபகம் வர்றது காலேஜ் லேப்ல ஃபெரிக் குளோரைடு பட்டு சட்டையில விழுந்த மஞ்சள் கறை மட்டும்தான். "நாளைக்குச் சொல்றேன்"னு தப்பிச்சு வந்து படிக்க ஆரம்பிச்சேன். அந்த நாளைக்கு மூணு வாரமாச்சு. படிச்சதுல பாதி இங்கே.

கதை கிடார்ல ஆரம்பிக்கல. லண்டன்ல ஒரு வாடகை அறையில ஆரம்பிக்குது. பால் எய்ஸ்லர், வியன்னாவில் 1907-ல் பிறந்த யூத எஞ்சினியர். ஆஸ்திரியாவில் நிலைமை மோசமாகிட்டு வந்ததால 1936-ல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். கையில் காசில்லை. ஆனா ஒரு யோசனை இருந்தது. ரேடியோவுக்குள்ளே இடியாப்பம் மாதிரி ஒயரை ஓட்டறதுக்குப் பதிலா, ஒரு காப்புப் பலகை மேல மெல்லிய செம்புத் தகட்டை ஒட்டி, வேண்டாத இடத்தைக் கரைச்சு எடுத்துட்டா, மிச்சம் நிக்கிற செம்பே ஒயர்! புத்தகம் அச்சடிக்கிற மாதிரி சர்க்யூட்டையும் அச்சடிக்கலாம். அந்த முறையில ஒரு ரேடியோவையே செஞ்சு காட்டினார்.

அதை எடுத்துக்கிட்டு பிளெஸ்ஸி கம்பெனிக்குப் போனார். வேண்டாம்னுட்டாங்க. அவங்க சொன்ன காரணம்தான் என்னை நிறுத்தி வெச்சது. ஒயரிங் வேலையை அங்கே பெண்கள் செஞ்சிட்டிருந்தாங்க. பலகையை விட அந்தப் பெண்கள் மலிவு, எந்த வேலைக்கு வேணும்னாலும் மாத்திப் போட்டுக்கலாம், அதனால இந்தக் கண்டுபிடிப்பு தேவையில்லைன்னு சொல்லிட்டாங்களாம்.

மக்களே, இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க. கடைசியில திரும்ப வருவேன்.

அப்புறம் யுத்தம் வந்தது. இலக்குக்குப் பக்கத்துல போனதும் தானா வெடிக்கிற குண்டுக்கு, பீரங்கியிலிருந்து பாயற அதிர்ச்சியைத் தாங்கற குட்டி ரேடியோ வேணும். அமெரிக்கர்கள் அதுக்கு அச்சடிச்ச சர்க்யூட்டைப் பயன்படுத்தினாங்க. யுத்தம் முடிஞ்சதும் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோரைச் சேர்ந்த டாங்கோ, ஆப்ராம்சன் ரெண்டு பேரும், பாகங்களைப் பலகையில சொருகி மொத்தமா உருகின ஈயத்துல முக்கி எடுக்கற முறையைக் கொண்டுவந்தாங்க. 1956-ல் அதுக்கு பேடன்ட் கிடைச்சது. ஒவ்வொரு மூட்டா சால்டர் பண்ற வேலை, ஒரே முக்குல முடிஞ்சது.

டி.வி. கம்பெனிகள் ஒவ்வொண்ணா பலகைக்கு மாற ஆரம்பிச்சப்போ, ஜெனித் மட்டும் எதிர்த்திசையில போச்சு. 'எங்க டி.வி.யில அச்சடிச்ச சர்க்யூட் கிடையாது, எல்லாம் கையால செஞ்சது'ன்னு பத்திரிகையில விளம்பரமே போட்டாங்க. ஆக, கை ஒயரிங்கைப் பெருமையா சொல்லி விக்கறது இன்னைக்கு நேத்து வந்ததில்லை. நம்ம தாத்தா காலத்து டெக்னிக்.

இப்ப கிடாருக்கு வருவோம். கலிஃபோர்னியாவில ஃபுல்லர்டன் ஊர். லியோ ஃபெண்டர் 1938-ல் அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வெச்சவர். அவருக்கு கிடார் வாசிக்கவே தெரியாது. ஆனா ரிப்பேர்காரன் கண்ணு இருந்தது. ஆம்ப்பைத் திறந்தா எல்லாப் பாகமும் ஒரே பலகையில வரிசையா, கைக்கு எட்டற மாதிரி இருக்கணும்னு நினைச்சார். அழுத்தின நார் அட்டையில பித்தளைக் குழிகள், அந்தக் குழியில ரெசிஸ்டர், கபாசிட்டர் கால்களைச் சொருகி சால்டர். அங்கிருந்து வால்வு சாக்கெட்டுக்கும் வால்யூம் குமிழுக்கும் துணி சுத்தின ஒயர். 'பாயிண்ட் டு பாயிண்ட்'னு இதையும் சேர்த்துச் சொல்றாங்க. கண்டிப்பாப் பாத்தா அது தப்பு. பலகையே இல்லாம ஒரு பாகத்தின் காலை இன்னொரு பாகத்தோட நேரடியா சேர்க்கறதுதான் பாயிண்ட் டு பாயிண்ட். ஃபெண்டரோடது கையால கோர்த்த பலகை.

1962-ல் இந்த வடிவம் லண்டனுக்குப் போச்சு. ஹான்வெல்ல வாத்தியக் கடை வெச்சிருந்த டிரம்மர் ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் மூணு பேரும் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பைப் பாத்து, கிடைச்ச பாகங்களை வெச்சு ஜே.டி.எம்.45 செஞ்சாங்க. அதுவும் கை ஒயரிங்தான். அதோட வாரிசான 100 வாட் மார்ஷலைத்தான் ஹென்ட்ரிக்ஸ் உலகம் முழுக்க அலற விட்டார். ஆர்டர் குவிஞ்சது. கையால கோர்த்து மாளலை. 1973-74 வாக்குல மார்ஷல் பி.சி.பி.க்கு மாறினாங்க. காரணம் வேகமும் செலவும்தான், வேற எதுவுமில்லை.

1965-ல் ஃபெண்டர் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். கையில போய், அப்புறம் வந்த ஆம்ப்கள்ல தரம் குறைஞ்சுடுச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பினது. 1978-ல் வேன் ஹேலன் முதல் ஆல்பம் வந்தப்போ, எட்டி கையில இருந்தது 1960கள் கடைசியில வந்த மார்ஷல். எல்லாரும் பழசைத் தேடி ஓட ஆரம்பிச்சாங்க. பழசுக்குள்ளே கை ஒயரிங், புதுசுக்குள்ளே பலகை. அப்ப குத்தம் பலகையோடதுதான்னு கணக்கு முடிஞ்சது. நடுவுல மாறின டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், சர்க்யூட் இதெல்லாம் யார் கணக்குலயும் வரலை.

பலகை மேல தப்பே இல்லையான்னா, இருக்கு. வால்வு ஆம்ப்புக்குள்ளே 400 வோல்ட்டுக்கு மேல ஓடும். பவர் வால்வு தொட முடியாத சூடு. காசு மிச்சம் பிடிக்கறதுக்காக அந்த வால்வு சாக்கெட்டையே பலகையில சால்டர் பண்ணிட்டா, வருஷக்கணக்கா வெந்து பலகை பழுப்பாகும், மூட்டு விட்டுப் போகும். கிடார் ஒயர் சொருகற ஜாக்கும் பலகையிலேயே நின்னா, ஒவ்வொரு தடவை காலு தடுக்கறப்பவும் பலகை வாங்கிக்கும் அடி. ஒரு பாகம் மாத்த மொத்தப் பலகையையும் கழட்டணும். ரெண்டு தடவை சூடு வெச்சா செம்புத் தடமே உரிஞ்சு வந்துடும்.

ஆனா இதெல்லாம் மோசமா வடிவமைச்ச பலகையின் கதை. சாக்கெட்டை இரும்புச் சட்டத்துல மாட்டி, தடித்த செம்போட செஞ்ச பலகை பல வருஷம் உழைக்கும். மீசா பூகியின் மார்க் டூ சி பிளஸ்ஸுக்குள்ளே பி.சி.பி.தான். மெட்டாலிக்காவின் 1986 ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' அதுல பதிவானது. அதுக்கு இன்னைக்கும் பழைய சந்தையில அடிதடி.

கை ஒயரிங்கும் சுத்த சொக்கத்தங்கம் இல்லை. ஃபெண்டரின் அந்த நார் அட்டை ஈரத்தைக் குடிச்சு, கரண்ட்டைக் கடத்த ஆரம்பிச்சு கரகரன்னு சத்தம் போடற வியாதி ரிப்பேர்காரங்களுக்கு நல்லாத் தெரியும். ஒயர் அரை இஞ்ச் நகர்ந்தா ஆம்ப் தானா ஊளையிடும். அதனால மரக்குச்சியை வெச்சு ஒவ்வொரு ஒயரா தள்ளித் தள்ளிப் பாப்பாங்க. ஒரே மாடல் ரெண்டு ஆம்ப், ரெண்டு குணம். பலகையில தடம் நகராது. நல்லா வரைஞ்சிருந்தா ஆயிரமும் நல்லா இருக்கும். தப்பா வரைஞ்சிருந்தா ஆயிரமும் தப்பு. (நம்ம கோட் மாதிரியே.)

சரி, முதல்ல சொன்ன பெண்களுக்கு வருவோம்.

ஃபுல்லர்டன் தொழிற்சாலையில ஒயரிங் பண்ணினவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். நிறைய பேர் மெக்சிகோ வம்சாவளி. வேலை முடிஞ்சதும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்புல பேரை எழுதி ஆம்ப்புக்குள்ளே ஒட்டிடுவாங்க. கையெழுத்துப் போட்ட கலைப்படைப்புன்னு இல்லை. இன்னைக்கு அந்த டேப் இருந்தா சேகரிப்பாளர்களுக்குக் கொண்டாட்டம். ஆனா அதுல இருக்கறது முதல் பேர் மட்டும்தான்.

அதே வேலையை இங்கிலாந்துல ஹைவாட் ஆம்ப்புக்குச் செஞ்ச ஹாரி ஜாய்ஸ் பேர் முழுசா எல்லாருக்கும் தெரியும். ராணுவத் தரத்துல செஞ்சவர், புகழுக்குத் தகுதியான ஆள்தான், மறுக்கலை. ஆனா லியோவுக்கும் ஹென்ட்ரிக்ஸுக்கும் வரலாறு இருக்கு, எய்ஸ்லருக்குக் கூட இருக்கு. ஆயிரக்கணக்கான மூட்டைச் சால்டர் பண்ணி, 60 வருஷம் கழிச்சும் பாட வெச்சிருக்கற கைக்கு ஒரு துண்டு டேப்.

பலகையை விட மலிவுன்னு 1930கள்ல கணக்குப் போட்டதும் இந்த மாதிரிக் கையைத்தான். பலகையை விட உசத்தின்னு இன்னைக்கு ரெண்டு மடங்கு விலை சொல்றதும் இந்த மாதிரிக் கையைத்தான். சால்டரிங் மாறவே இல்லை. விலைச்சீட்டுதான் மாறிச்சு.

எங்க அத்தை கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் கிண்டி எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனியில ஸ்டெபிலைசருக்கு சால்டரிங் பண்ணினவங்க. போன ஞாயித்துக்கிழமை போய், "நீங்க செஞ்சதுல உங்க பேரு எழுதுவீங்களா அத்தை?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "பேரா? நம்பர்டா. ரிட்டர்ன் வந்தா யாரைத் திட்டணும்னு தெரியணும்ல?"

நண்பனுக்கு என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? "சத்தத்துக்காக ரெண்டு மடங்கு குடுக்காதே, கண்ணைக் கட்டிக்கிட்டு கேட்டா உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருபது வருஷம் கழிச்சு தெரு முனை ரிப்பேர்காரர் திறந்து சரி பண்ணணும்னா குடு. செஞ்ச ஆளுக்கு ஒழுங்கா கூலி போகுதுன்னு தெரிஞ்சாலும் குடு."

கடைசியில பி.சி.பி. ஆம்ப்தான் வாங்கினான். வாங்கின அன்னைக்கே திறந்து பாத்திருக்கான், யாராவது பேர் எழுதியிருக்காங்களான்னு. ஒரு பார்கோடு ஸ்டிக்கர் இருந்துச்சாம்.