காணொளிக் கூலியும் மாறும் அளவுகோலும் – ஒரு வரலாற்றுப் பார்வை



கடந்த தீபாவளியன்று என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் தமிழ் பயின்றவர். இப்போது தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். ஓய்வு நாள்களில் டுரியான் துங்கால், அலோர் காஜா வட்டாரத்து முதியவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் கூறும் பழைய தோட்டத்து நினைவுகளைக் காணொளியாகப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றி வருகிறார். லயத்து வீடுகள், பால் நிறுக்கும் கொட்டகை, தோட்டத்துக் கோயில் திருவிழா, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த இரவுகள் எனப் பாடநூலில் இடம்பெறாத வரலாறு அவர் பதிவுகளில் இருக்கிறது.

முறுக்கைக் கையில் எடுத்தவர் கடிக்காமலே கேட்டார்: "சார், வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இதையே செய்யலாமா?"

உடனே என்னால் விடை கூற இயலவில்லை. ஒரு தொழிலில் இறங்குமுன் அத்தொழிலில் கூலி எவ்வாறு அளக்கப்படுகிறது, அந்த அளவுகோலை இதுவரை யார், எத்தனை முறை மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. அவருக்காகத் தேடித் தொகுத்தவற்றை இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்ற மற்ற இளைஞர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

தொடக்க காலம்

யூடியூப் 2005 பிப்ரவரியில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2006-இல் கூகுள் நிறுவனம் அதனை 165 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. காணொளி செய்பவர்களுக்கு விளம்பர வருவாயில் பங்கு தரும் 'பங்காளர் திட்டம்' 2007-இல் பிறந்தது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. பின்னர் படிப்படியாகப் பல நாடுகளுக்கும் அது விரிந்தது. நீண்ட காணொளிகளுக்கு வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளருக்கு, 45 விழுக்காடு நிறுவனத்திற்கு என்பது இத்திட்டத்தின் அடிப்படைக் கணக்கு.

இந்தப் பங்கு விகிதம் பெரிதாக மாறவில்லை. ஆனால், பங்கு பெறும் தகுதி யாருக்கு உண்டு, யாருடைய காணொளி பிறர் கண்ணில் படும் என்னும் இரண்டும் மாறிக்கொண்டே வந்துள்ளன. நம்மவரைப் பாதித்தவை இவ்விரு மாற்றங்களே.

முதல் பெரிய மாற்றம் 2012-இல் நிகழ்ந்தது. அதுவரை எத்தனை பேர் சொடுக்கிப் பார்த்தார்கள் என்பதே முதன்மையான அளவாக இருந்தது. கவர்ச்சியான முகப்புப் படம் ஒன்றை ஒட்டி, உள்ளே ஒன்றுமில்லாத காணொளியைப் போட்டவர்கள் அதனால் செழித்தனர். அவ்வாண்டு முதல், எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு யூடியூப் முதலிடம் தந்தது. நல்ல மாற்றந்தான். எனினும் இரண்டு நிமிடத்தில் சுருக்கமாகச் சொல்லி முடித்தவர்கள் பின்தங்கினர். பத்து நிமிடத்திற்கு மேற்பட்ட காணொளியின் இடையில் விளம்பரம் செருகலாம் என்ற விதியும் இருந்ததால், எட்டு நிமிடச் செய்தியைப் பதினொரு நிமிடமாக இழுப்பவர்கள் பெருகினர். 2020 ஜூலையில் அந்தப் பத்து நிமிடம் எட்டு நிமிடமாகக் குறைக்கப்பட்டது. அளவுகோல் மாறும்போது வேலையின் வடிவமே மாறிவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

2018: வாசலில் ஒரு வேலி

2017-இன் தொடக்கத்தில், தங்கள் விளம்பரங்கள் தீவிரவாதக் காணொளிகளின் மேல் தோன்றுவதை அறிந்த பெரிய நிறுவனங்கள் பல, யூடியூபிலிருந்து விளம்பரத்தை விலக்கிக்கொண்டன. அதன் விளைவு எங்கோ ஒரு மூலையில் சமையலும் பாட்டும் பதிவேற்றிக் கொண்டிருந்தவர்கள் மீதும் விழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், மொத்தம் 10,000 பார்வைகள் பெறாத தடத்திற்கு விளம்பரம் இல்லை என்ற விதி வந்தது. ஓராண்டுகூட ஆகவில்லை, 2018 ஜனவரியில் புதிய விதி அறிவிக்கப்பட்டது. குறைந்தது 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். பிப்ரவரி 20 முதல், அதற்கு முன்பே திட்டத்தில் இருந்தவர்களும் இந்த எல்லையை எட்டாவிடில் நீக்கப்பட்டனர்.

பாதிக்கப்பட்டவர்களுள் 99 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் 100 டாலருக்கும் குறைவாகவே ஈட்டியவர்கள் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. இழப்பு சிறிது என்று காட்டவே அக்கணக்கு கூறப்பட்டது. பாதிக்கப்பட்டவர் அனைவரும் எளியவர்கள் என்பதற்கும் அதுவே சான்றாகிவிட்டது!

இந்த 4,000 மணி நேரத்தை நம் நிலையில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கும் அதிகம். மாணவர்கள் மொத்தம் ஓர் இலட்சத்திற்கும் குறைவு. ஆறு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால், ஐந்தாம் ஆண்டில் மிகுதியாக வைத்துக்கொண்டாலும் 16,000 மாணவர்கள் இருப்பார்கள். ஐந்தாம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடம் ஒன்றை நான் பதிவேற்றி, நாட்டிலுள்ள அத்தனை ஐந்தாம் ஆண்டு மாணவரும் ஒருவர் விடாமல் நான்கு நிமிடம் பார்த்தாலும் கிடைப்பது 64,000 நிமிடம், அதாவது ஏறத்தாழ 1,067 மணி நேரம். எல்லையில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. ஆங்கிலத்திற்கும் இந்திக்கும் மலேசியத் தமிழுக்கும் ஒரே வேலி. விதி எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. ஆனால் கூட்டம் எல்லாருக்கும் பொதுவாக இல்லையே!

இதற்கு மாறான சான்றையும் கூற வேண்டும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம், சின்ன வீரமங்கலத்து உழவர் குடும்பம் ஒன்று நடத்தும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2018-இல்தான் தொடங்கப்பட்டது. வேலி எழுந்த அதே ஆண்டு. 2021 ஜூலையில் அது ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. நம் நாட்டில், சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தைச் சேர்ந்த சுகு–பவித்ரா இணையர் 2020-இன் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மலாய் மொழியில் சமையல் காணொளிகள் வெளியிட்டு நாடறிந்தவர் ஆயினர். முன்னவர்க்குச் சமையல் என்னும் பொருள் மொழி எல்லையைக் கடக்க உதவியது. பின்னவர் பேசும் மொழியையே மாற்றிக்கொண்டனர். தோட்டத்து முதியவரின் தமிழ் நினைவை அவ்வாறு மாற்றிக்கொள்ள இயலுமா? அதுதான் என் மாணவரின் சிக்கல்.

தமிழுக்குத் தாமதமாக வந்த இடம்

வலைப்பக்கங்களில் எழுதியவர்களின் நிலையையும் இங்கே நினைவுகூர வேண்டும். கூகுளின் 'ஆட்சென்ஸ்' விளம்பரச் சேவை 2003-இல் வந்தது. அது ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் இந்திய மொழிகளுள் இந்திக்கு 2014-இலும், வங்காளத்திற்கு 2017-இலும் இடம் கிடைத்தது. தமிழுக்கு இடம் கிடைத்தது 2018 பிப்ரவரியில். தமிழில் வலைப்பதிவுகள் செழித்திருந்த காலமெல்லாம் அவற்றுக்கு அந்த வருவாய் வாயில் திறக்கவில்லை. திறந்தபோது எழுதியவர் பலர் ஓய்ந்திருந்தனர். காணொளிக்கு வேலி எழுப்பப்பட்ட அதே மாதத்தில் எழுத்துக்கு வாயில் திறந்தது காலத்தின் வேடிக்கை எனலாம்.

குழந்தைகளுக்கான காணொளி

ஆசிரியர்களை நேரடியாகத் தொட்ட விதி ஒன்றும் உண்டு. சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கில், கூகுளும் யூடியூபும் 170 மில்லியன் டாலர் செலுத்த 2019 செப்டம்பரில் இணங்கின. அதன்படி 2020 ஜனவரி முதல், 'குழந்தைகளுக்கானது' என்று குறிக்கப்படும் காணொளிகளில் பார்வையாளரின் விருப்பத்தை அறிந்து காட்டப்படும் விளம்பரம் நிறுத்தப்பட்டது. கருத்துரைப் பகுதியும் மூடப்பட்டது. குழந்தைகளின் நலனுக்கான இந்த விதியை ஆசிரியர் எவரும் குறைகூற மாட்டார். ஆனால் அத்தகைய காணொளிகளின் வருவாய் குறைந்தது. "ஆசிரியை, இந்தக் கணக்கு புரியவில்லை" என்று மாணவர் கீழே எழுதும் வழியும் அடைந்தது. அடுத்த இரண்டே மாதத்தில், 2020 மார்ச் 18-இல், நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டு, நாமெல்லாம் பாடங்களைக் காணொளியாக்கத் தொடங்கினோம்.

வரியும் குறுங்காணொளியும்

2020 நவம்பரில் விதிமுறையில் மேலும் ஒரு வரி சேர்ந்தது. பங்காளர் அல்லாதவரின் காணொளியிலும் யூடியூப் விளம்பரம் காட்டலாம். அவருக்குப் பங்கு இல்லை. வேலிக்கு வெளியே நிற்பவரின் நிலத்திலும் விளைச்சல் எடுக்கப்படும், கூலி மட்டும் கிடையாது என்பதே இதன் பொருள்.

2021 ஜூன் முதல், அமெரிக்கப் பார்வையாளர்களால் கிடைக்கும் வருவாயில் அந்நாட்டு வரி பிடிக்கப்படுகிறது. இந்தியாவிற்கு அமெரிக்காவுடன் வரி ஒப்பந்தம் இருப்பதால், உரிய படிவம் தந்தவருக்குப் பிடித்தம் 15 விழுக்காடு. மலேசியாவிற்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லாததால் 30 விழுக்காடு. அமெரிக்கத் தமிழர்கள் பார்த்ததால் 100 டாலர் ஈட்டிய மதுரைக்காரருக்கு 85 டாலர், டுரியான் துங்கால்காரருக்கு 70 டாலர். உழைப்பும் மொழியும் பார்வையாளரும் ஒன்றே. கடப்பிதழ் மட்டும் வேறு.

ஓர் அரசின் ஆணையே மேடையை முழுவதுமாக அகற்றிவிட்டதும் உண்டு. 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதனால் புகழ்பெற்றிருந்த எத்தனையோ பேரின் தடங்கள் ஓரிரவில் ஒளி இழந்தன. அவ்விடத்தை நிரப்ப, யூடியூப் தன் குறுங்காணொளிச் சேவையை அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியாவில்தான் முதலில் வெள்ளோட்டம் விட்டது. அதற்கான விளம்பரப் பங்கு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது: படைப்பாளருக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 விழுக்காடு. குறுங்காணொளி வழியே தகுதி பெற 90 நாள்களில் ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். மலேசிய இந்தியர் அனைவரும் சேர்ந்து ஏறத்தாழ 20 இலட்சம். கைக்குழந்தை முதல் முதியவர் வரை ஒவ்வொருவரும் மூன்று மாதத்தில் ஐந்து முறை பார்த்தால்தான் அந்த எண்ணிக்கை வரும்!

பால்மரம் கற்பித்த பாடம்

இவையெல்லாம் மலாக்கா மண்ணுக்குப் புதியன அல்ல. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது நம் மாநிலத்தில்தான். 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் அதனைத் தொடங்கினார். பின்னர் நம் முன்னோர் கப்பலேறி வந்து இவ்வட்டாரமெங்கும் பால்மரம் சீவினர். அவர்களின் வாழ்வு, விலையும் விதியும் எங்கோ தீர்மானிக்கப்பட்ட ஒரு பொருளைச் சார்ந்திருந்தது.

1922 நவம்பரில் பிரித்தானிய அரசு 'ஸ்டீவன்சன் திட்டம்' என்னும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அடிப்படை விளைச்சல் மதிப்பிடப்பட்டு, அதில் ஒரு பங்கை மட்டுமே ஏற்றுமதி செய்யலாம் என விதிக்கப்பட்டது. பெருந்தோட்டங்களிடம் கணக்கேடு இருந்தது. கணக்கேடு இல்லாத சிறுதோட்டக்காரர்களுக்கு நிலப்பரப்பை வைத்து மதிப்பிட்டனர். பலருக்கு அது உண்மையான விளைச்சலைவிடக் குறைவாக அமைந்தது. அத்திட்டம் 1928-இல் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கூலி வெட்டப்பட்டு, தமிழ்த் தொழிலாளர் பலர் தாயகத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டனர். அளவுகோலை வகுப்பவர் பெரியவரின் கணக்கேட்டைப் பார்த்து வகுக்கிறார். சிறியவர் அதில் சிறுத்துப் போகிறார். 1922-க்கும் 2018-க்கும் உள்ள ஒற்றுமை இதுதான்.

ஒரு வேற்றுமையும் உண்டு. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு, கூலியைப் பற்றிப் பேச மேசையின் மறுபுறம் ஓர் ஆள் இருந்தார். அந்தச் சங்கத்தின் மீது குறைகள் சொல்லப்பட்டதுண்டு. இருந்தாலும் பேச்சு நடந்தது. காணொளி செய்பவருக்கு அத்தகைய மேசை இல்லை. 2019-இல் ஜெர்மனியின் 'ஐஜி மெட்டால்' தொழிற்சங்கம் யூடியூப் படைப்பாளர்களுடன் கைகோத்து, விதிகளில் வெளிப்படைத்தன்மை கேட்டது குறிப்பிடத்தக்க முயற்சி. நம் நாட்டிலும் 80 இலட்சம் பயனர்களுக்கு மேற்பட்ட சமூக ஊடகங்களுக்கு உரிமம் வேண்டும் என்னும் விதி 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அது பாதுகாப்பைப் பற்றியது. படைப்பாளரின் கூலியைப் பற்றியதன்று.

மாணவருக்கு என் விடை

இவற்றையெல்லாம் சென்ற வாரம் அவரிடம் எடுத்துரைத்தேன். "வேலையை விடாதே, தம்பி. பதிவையும் விடாதே" என்றேன். முதியவர்களின் பேச்சை முழுமையாக, வெட்டாத மூலப் பதிவாக, தன் சொந்த வன்தட்டில் இரண்டு படிகளாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். பேசியவரின் பெயர், தோட்டத்தின் பெயர், நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். பார்ப்பவர்களின் தொடர்பைத் தானே திரட்டி வைத்துக்கொண்டால், ஒரு மேடை மூடினாலும் மற்றொன்றிற்கு அவர்களை அழைத்துச் செல்லலாம். வரும் வருவாயை மேல்வருமானமாகக் கொள்ளலாம். வீட்டுக் கடனை அதன்மேல் கட்டலாகாது.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போன மாதம் பதிவு செய்த பாட்டி தவறிவிட்டார் சார். அந்தக் காணொளியைப் பார்த்தவர் 212 பேர்தான். ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்" என்றார்.

அந்த 212 பார்வைக்குக் கூலி தரும் அளவுகோல் எந்த நிறுவனத்திடமும் இல்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு முதியவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நானும் உடன் செல்வதாக இருக்கிறேன்.