பொய்யறியா மாந்தரும் அட்டைக் கப்பலும்

நகைச்சுவை என்றாலே பிறரை எள்ளி நகையாடுவது என்று எண்ணுவோர் பலர். எள்ளலில் தொடங்கி மதிப்பில் முடியும் நகைச்சுவையும் உண்டு. ஆனால் அது அரிது. 1999-ஆம் ஆண்டு திசம்பர் 25 அன்று அமெரிக்காவில் வெளிவந்த 'கேலக்ஸி குவெஸ்ட்' என்னும் திரைப்படம் அத்தகைய அரிய படைப்புகளுள் ஒன்று. விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களையும் அவற்றின் இரசிகர்களையும் கேலி செய்யப் புறப்பட்ட படம் அது. எனினும் அதனுள் பழைய வினா ஒன்று புதைந்து கிடக்கிறது. கற்பனைக் கதை பொய்யா? அதனை நெஞ்சார நேசிப்பவர் ஏமாளியா? இவ்வினாவுக்கு அப்படம் தரும் விடையை உணர வேண்டுமெனில், அதற்கு முந்தைய முப்பத்து மூன்று ஆண்டுகளின் வரலாற்றை நாம் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

மடல்கள் காத்த தொடர்

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொடர் தொடங்கிற்று. அதனைப் படைத்தவர் ஜீன் ராடன்பெரி. இரண்டாம் உலகப் போரில் விமானியாகவும், பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல் துறையிலும் பணியாற்றியவர் அவர். வருங்காலத்தில் 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலம் மேற்கொள்ளும் பயணங்களே கதை. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டுகளை ஏந்தி முறைத்து நின்ற காலம் அது. கறுப்பின மக்கள் தம் உரிமைக்காக வீதியில் இறங்கிப் போராடிய காலமும் அதுவே. அத்தகைய நாளில் ஆப்பிரிக்கப் பெண் ஒருவரும், ஆசியர் ஒருவரும், பின்னர் ருசியர் ஒருவரும் ஒரே கலத்தில் தோழர்களாய்ப் பணிபுரிவதை அத்தொடர் காட்டியது.

பணமோ குறைவு. கலத்தை ஒவ்வொரு கோளிலும் தரையிறக்கிக் காட்டச் செலவு மிகும் என்பதாலேயே, மாந்தரை ஒளியாய்க் கரைத்து வேறிடம் அனுப்பும் கருவியைக் கதையில் புகுத்தினர். மருத்துவர் கையில் மின்னிய வருங்காலக் கருவிகள் சில, உண்மையில் உணவு மேசையின் உப்புக் குடுவைகளே!

பார்ப்போர் எண்ணிக்கை குறைவென்று சொல்லித் தொடரை நிறுத்த நிறுவனம் எண்ணியபோது, இரசிகர்கள் மடல் எழுதத் தொடங்கினர். பிஜோ டிரிம்பிள் என்ற பெண்மணியும் அவர்தம் கணவர் ஜானும் இம்முயற்சியை ஒருங்கிணைத்தனர். 1968 சனவரியில் கால்டெக் மாணவர்கள் தீப்பந்தங்களுடன் நிறுவன வாயிலுக்கே ஊர்வலம் சென்றனர். அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள், தொடர் நீடிக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அதனை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளியது. இளைஞர்கள் வீட்டில் தங்காத நேரம் அது. 1969 சூன் 3-இல், 79 பகுதிகளுடன் தொடர் நின்றது. ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து மனிதன் நிலவில் கால் பதித்தான்.

வேடம் விடாத நடிகர்கள்

நின்ற தொடர் மடியவில்லை. ஊர்தோறும் உள்ளூர் நிலையங்கள் அதனை மீண்டும் மீண்டும் ஒளிபரப்ப, புதிய தலைமுறை அதனைக் கண்டெடுத்தது. 1972 சனவரியில் நியூயார்க்கில் இரசிகர் மாநாடு ஒன்று கூடியது. சில நூறு பேர் வரக்கூடும் என்று நடத்தியோர் எண்ணினர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். 1976-இல், இரசிகர்களின் மடல்களை ஏற்று, அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு 'எண்டர்பிரைஸ்' என்றே பெயரிடப்பட்டது. காற்றில் மிதந்து இறங்கும் சோதனைகளுக்குப் பயன்பட்ட அவ்வோடம் ஒருபோதும் விண்வெளிக்குச் செல்லவில்லை என்பது வரலாற்றின் குறுநகை.

நடிகர்களுக்கோ இப்புகழ் வரமாகவும் சிறையாகவும் அமைந்தது. ஸ்பாக் என்னும் பாத்திரத்தை ஏற்ற லெனர்டு நிமாய், 'நான் ஸ்பாக் அல்லன்' என்று 1975-இல் ஒரு நூலுக்குத் தலைப்பிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1995-இல், 'நான் ஸ்பாக்' என்று மற்றொரு நூல் எழுதினார். ஒரு மனிதர் தம் வேடத்தோடு நடத்திய நெடும் போராட்டமும் இறுதி உடன்பாடும் அவ்விரு தலைப்புகளிலேயே அடங்கியுள்ளன. தலைவராக நடித்த வில்லியம் ஷாட்னர், 1986-இல் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில், போய் உருப்படியாக வாழுங்கள் என்று இரசிகர்களைச் சாடுவது போல் நடித்தார். நாடே சிரித்தது. அச்சிரிப்பில் சிறிது கசப்பும் கலந்திருந்தது.

கேலியின் திருப்பம்

இந்த வரலாறு முழுவதையும் உள்வாங்கி எழுந்ததே 'கேலக்ஸி குவெஸ்ட்'. டேவிட் ஹோவார்டின் கதைக்கு அவரும் ராபர்ட் கார்டனும் திரைக்கதை அமைக்க, டீன் பாரிசாட் இயக்கினார். நின்றுபோன விண்வெளித் தொடர் ஒன்றின் நடிகர்கள், பழைய உடைகளை அணிந்து மாநாடுகளில் கையொப்பமிட்டு வயிறு வளர்க்கின்றனர். டிம் ஆலன் ஏற்ற ஜேசன் என்னும் நாயகன், தன்னைக் குறித்து இளைஞர்கள் ஏளனம் பேசுவதை ஒளிவில் கேட்டு நொறுங்குகிறான். கலத்தின் அமைப்பைப் பற்றி ஆர்வத்துடன் கேட்க வந்த பிராண்டன் என்னும் சிறுவன்மீது அந்தச் சினத்தைக் கொட்டுகிறான்: எல்லாம் பொய், கப்பலும் இல்லை, கருவியும் இல்லை!

இந்நிலையில் தெர்மியர் என்னும் வேற்றுலகத்தார் அவனை நாடி வருகின்றனர். அவர்களுக்குப் பொய் என்பதே தெரியாது. விண்ணில் கசிந்து வந்த ஒளிபரப்புகளை மெய்யான வரலாற்று ஆவணங்கள் என்றே கொண்டவர்கள் அவர்கள். சீர்குலைந்து கிடந்த தம் சமுதாயத்தை, அத்தொடரில் கண்ட துணிவு, தோழமை, கூட்டுழைப்பு ஆகியவற்றைப் பார்த்தே சீரமைத்துக்கொண்டனர். அட்டையாலும் நெகிழியாலும் செய்த கப்பலைக் கண்டு, மெய்யாகவே பறக்கும் கப்பலையும் கட்டிவிட்டனர். சாரிஸ் என்னும் கொடியவன் அவர்களை அழிக்கச் சூளுரைத்தபோதுதான் வஞ்சகம் என்றொன்று உலகில் உண்டென அறிந்தனர்.

படத்தின் உயிரான காட்சி இனிதான் வருகிறது. ஒளிபரப்பைக் கண்ட சாரிஸ் உண்மையை உணர்ந்துகொள்கிறான். வதைக்கப்பட்டுக் கிடக்கும் தெர்மியத் தலைவர் மத்தேசரிடம், நீயே சொல் என்று ஜேசனை வற்புறுத்துகிறான். நான் தலைவன் அல்லன், கப்பல் ஒரு சிறு பொம்மை, நாங்கள் நடித்தோம் என்று ஜேசன் கூற, மத்தேசரின் முகத்தில் படரும் துயரம் சிரிக்க வந்தவரையும் வாயடைக்கச் செய்கிறது. சிறுவனிடம் சினத்தால் எறிந்த அதே சொற்களை, இப்போது வெட்கத்தால் தலைகுனிந்து சொல்லவேண்டியதாயிற்று. சொற்கள் ஒன்றே; சொல்பவனின் நெஞ்சு வேறு.

கதை பொய்யா?

பொய்யைக் குறித்து நூல் எழுதிய அகுஸ்தினார், விளையாட்டாய்ச் சொல்வதைப் பொய்யின் கணக்கில் சேர்க்கவில்லை. ஏமாற்றும் உள்ளமே பொய்யைப் பொய்யாக்குகிறது. கதை சொல்பவர் கதை என்றே சொல்கிறார். கேட்பவரும் கதை என்றே கேட்கிறார். ஆனால் அந்த உடன்பாட்டை அறியாத எளியோர் முன் கதை நிற்கும்போது என்னவாகும்? அதுவே இப்படம் எழுப்பும் கூரிய வினா. ஜேசனின் குற்றம் முன்னர் நடித்ததில் இல்லை. தெர்மியரின் நம்பிக்கையைக் கண்ட பின்னரும் அவர்களிடம் உண்மையை உரைக்காமல், அவர்தம் வணக்கத்தைச் சுவைத்ததிலேயே உள்ளது.

அதற்கு அவன் தரும் ஈடு சொல்லன்று, செயல். வேடத்தில் காட்டிய துணிவை வாழ்வில் காட்ட நடிகர்கள் முன்வருகின்றனர். ஆலன் ரிக்மன் ஏற்ற அலெக்சாண்டர், தன் பாத்திரத்தின் புகழ்பெற்ற வசனத்தை அறவே வெறுப்பவன். அவனைத் தந்தைபோல் போற்றிய தெர்மிய இளைஞன் அவன் மடியில் உயிர்விடும்போது, அவ்வசனத்தையே முதன்முறையாக முழு நெஞ்சோடு சொல்கிறான். ஆயிரம் முறை கேலிக்குள்ளான சொல் அங்கே உறுதிமொழியாகிறது.

ஏளனப்பட்ட சிறுவனை ஜேசன் மீண்டும் அழைக்கிறான். எல்லாம் மெய்யே என்கிறான். கப்பலின் உள்வழிகளை நடிகர்கள் அறியார், இரசிகனே அறிவான். பிராண்டனும் அவன் தோழர்களும் பூமியிலிருந்து வழிகாட்ட, கப்பல் பிழைக்கிறது. வீணர் என்று உலகம் ஒதுக்கியோரின் கவனமும் பற்றும் உயிர் காக்கும் அறிவாய் மாறுகின்றன.

ஏறத்தாழ 4.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் ஏறத்தாழ 9 கோடி ஈட்டியது. 2000-இல் ஹியூகோ விருதும் பெற்றது. எவரைக் கேலி செய்ததோ அவர்களே அதனை மிகுதியாய்க் கொண்டாடினர். 2013-இல் லாஸ் வேகாஸ் நகரில் கூடிய ஸ்டார் ட்ரெக் இரசிகர்கள், தம் படங்களின் தரவரிசையில் இதற்கு ஏழாம் இடம் அளித்தனர்!

ஒன்றை நாம் மறத்தலாகாது. படத்தின் முடிவில் மத்தேசர், ஜேசன் அன்று உரைத்த உண்மையையே பகைவனை ஏமாற்றச் செய்த சூழ்ச்சி என்று எண்ணி மகிழ்கிறார். அவர் ஏமாளியா என நாம் வினவலாம். நல்ல கதை ஒன்றைக் கேட்டு, அதன்படி வாழ முயன்று, வாழ்ந்தும் காட்டியவர் அவர். கதையைச் சொன்னவர்களோ, அவரைக் கண்ட பின்னரே அதன் பொருளை அறிந்தனர். பிறர் நேசிக்கும் கதையைக் கண்டு சிரிக்கும் முன், அக்கதை அவர்களை எத்தகைய மனிதராக்கியுள்ளது என்று நோக்குவது நமக்கு நன்று.