மாமாவின் நோட்டும் மிஞ்சின 14 ஆட்டமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட பதிவு. செஸ் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். ஆடுறதைப் பத்தி இல்ல, ஆடின ஆட்டத்தைப் பத்திரமா வைக்கிறதைப் பத்தி. கொசுவத்தியைச் சுத்திக்கிறேன்.

எங்க மாமாவுக்கு வடசேரியில வீடு. சாயங்காலமானா திண்ணையில போர்டு விரிஞ்சிடும். ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒவ்வொரு ஆட்டத்தையும் நீளக் கணக்கு நோட்டுல எழுதி வைப்பார். திருவனந்தபுரத்துல இருந்த கூட்டுக்காரரோட தபால் கார்டுலயும் ஆட்டம் நடக்கும். கார்டுக்கு ஒரு நகர்த்தல். "எழுதி வைக்காத ஆட்டம் ஆடாத ஆட்டம், மக்கா" என்பார்.

இந்த எழுதி வைக்கிற பழக்கம் நம்ம பக்கத்துக்குப் புதுசில்ல. 1828-ல மதராசும் ஹைதராபாத்தும் கடிதம் வழியா ரெண்டு ஆட்டம் ஆடினாங்க. மதராஸ் பக்கம் ஆடினவங்கள்ல ஒருத்தர் குலாம் காசிம். அவரும் ஜேம்ஸ் காக்ரேனும் சேர்ந்து, அந்த ரெண்டு ஆட்டத்தையும் முசியோ கேம்பிட் ஆராய்ச்சியையும் 1829-ல மதராசிலேயே புத்தகமா போட்டாங்க. அந்தத் திறப்புல ஒரு வகைக்கு இன்னிக்கும் குலாம் காசிம் பேருதான். அச்சுல ஏறினதால பேர் நின்னுச்சு. எழுதாமலே ஆடிட்டுப் போன கில்லாடிகள் எத்தனை பேரோ!

மாமா எழுதினது பழைய ஆங்கிலேய முறை. 'பி-கே4'ன்னா ராஜாவுக்கு முன்னாடி நிக்கிற சிப்பாய் நாலாவது கட்டத்துக்குப் போகுதுன்னு அர்த்தம். இதுல ஒரு வில்லங்கம், அவங்கவங்க பக்கத்துல இருந்து எண்ணணும். வெள்ளைக்கு அது இ4, கறுப்புக்கு இ5. ஒரே கட்டத்துக்கு ரெண்டு பேரு! 1981-ல உலக செஸ் சம்மேளனம் இந்த முறையை ஏத்துக்கிறதை நிறுத்திடுச்சு. அதுக்கு முன்னாடியே, 1966-ல பெல்கிரேடுல இருந்து வர ஆரம்பிச்ச 'செஸ் இன்ஃபார்மன்ட்' வார்த்தையே இல்லாம படமும் குறியீடுமா ஆட்டங்களை அச்சடிச்சுது. எந்த மொழிக்காரனும் படிக்கலாம்.

சென்னையில 1972-ல சோவியத் கலாச்சார மையத்துல டால் செஸ் கிளப் தொடங்கினாங்க. பின்னணியில இருந்தவர் மானுவல் ஆரோன், 1961-லயே இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். ஆனந்த் வளர்ந்த இடம் அதுதான். 1988-ல ஆனந்த் முதல் இந்திய கிராண்ட்மாஸ்டர் ஆனப்போ மாமா நோட்டுலயும் ஆனந்த் ஆட்டங்கள் ஏற ஆரம்பிச்சுது, பேப்பரைப் பார்த்து எழுதினது.

அதே காலத்துலதான் கம்ப்யூட்டர் உள்ள வருது. 1985-ல ஹாம்பர்க்ல ஒரே நேரத்துல எட்டுப் பேரோட மோதி காஸ்பரோவ் 3.5-4.5ன்னு தோத்தார். 1987-ல அதே ஊர்ல மறுபடி ஆடினார். இந்த முறை செஸ்பேஸ்ங்கிற புது மென்பொருள்ல எதிராளிகளோட பழைய ஆட்டங்களைப் பார்த்துத் தயாராகி வந்தார். 7-1! ஆட்டத்தைச் சேர்த்து வைக்கிறது வெறும் ஞாபகார்த்தம் இல்ல, ஆயுதம்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

சரி, நம்ம கதைக்கு வர்றேன். நான் கம்ப்யூட்டர் வாங்கினதும் முதல் வேலையா மாமா நோட்டை வாங்கி டைப் அடிச்சேன். பத்திரிகையோட இலவசமா வந்த சிடியில இருந்த ஒரு செஸ் மென்பொருள் (பேரு வேண்டாம்). பழைய முறையைப் புது முறைக்கு மாத்தி மாத்தி, ஞாயித்துக்கிழமையெல்லாம் உக்காந்து 61 ஆட்டம் ஏத்தினேன். ஏத்தியாச்சேன்னு நோட்டு மச்சுக்குப் போயிடுச்சு.

ஒரு ஐப்பசி மழையில இடி விழுந்து ஹார்ட் டிஸ்க் காலி. சிடியில பிரதி இருக்கேன்னு தெனாவெட்டா இருந்தேன். ஆனா அந்தக் கோப்பை அந்த மென்பொருள் மட்டும்தான் திறக்கும், அது புது விண்டோஸ்ல ஓட மாட்டேன்னுடுச்சு. மச்சுல ஏறிப் பார்த்தா நோட்டைக் கரையான் அரிச்சு மண்ணாக்கி வச்சிருக்கு. மாமாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "போட்டும் மக்கா"ன்னார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மிஞ்சினது 14 ஆட்டம். ஒரு நண்பனுக்கு மெயில்ல பிஜிஎன்னா அனுப்பினது. பிஜிஎன்ங்கிறது ஸ்டீவன் எட்வர்ட்ஸ் 1993-ல வகுத்த வடிவம். வெறும் எழுத்துக்கோப்பு, நோட்பேட்ல திறந்தாலே படிக்கலாம். மேல ஏழு விவரம்: போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு. கீழ நகர்த்தல்கள். அவ்வளவுதான்!

திஸ்கி, டாப்னு எழுத்துருவோட மல்லுக்கட்டி, சுரதாவோட பொங்குதமிழ்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தின நமக்கு இதை விளக்கணுமா? 2009-ல ஜியோசிட்டீஸ் மூடினப்போ எத்தனை தமிழ்ப் பக்கம் போச்சு. பூட்டு அடுத்தவன் கையில இருந்தா பெட்டி நம்மளுது இல்ல.

அதனால என் அனுபவத்துல சொல்றேன். எந்த மென்பொருள் வேணா வச்சுக்கோங்க. காசு இருந்தா செஸ்பேஸ். இல்லாட்டி ஷேன் ஹட்சன் எழுதின ஸ்கிட், இலவசம், ஒரே ஆட்டம் ரெண்டு தடவை ஏறியிருந்தா கண்டுபிடிக்கும். இணையத்துலயே வைக்கணும்னா லைசெஸ். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: உள்ள போட்டதை மொத்தமா பிஜிஎன்னா வெளிய எடுக்க முடியுமா? முடியும்னா மாசம் ஒரு தடவை எடுத்து ரெண்டு இடத்துல வைங்க. ஆட்டக்காரர் பேரை எப்பவும் ஒரே மாதிரி எழுதுங்க, இல்லாட்டி தேடும்போது ஒரே ஆளு மூணு ஆளா நிப்பார். முக்கியமா, ஏத்தின நோட்டை மச்சுல போடாதீங்க :-)

மாமா இப்போ இல்ல. 14 ஆட்டத்தையும் போன வாரம் ஸ்கிட்ல ஏத்தினேன். பல ஆட்டத்துக்குத் தேதி தெரியாது. தெரியாத தேதிக்கு பிஜிஎன்ல ????.??.??ன்னு போடணும். கடைசி ஆட்டம் திருவனந்தபுரத்துக்காரரோட தபால்ல ஆடினது, 23-வது நகர்த்தலோட நிக்குது. முடியாத ஆட்டத்துக்கு முடிவு இடத்துல ஒரு நட்சத்திரம், *. அதையும் போட்டுட்டேன்.

போர்டுல வச்சுப் பார்த்தேன். மாமா பக்கம்தான் நல்லா இருக்கு.