முதுமையில் ஏற்படும் உடற்குறைபாட்டுக்கு அரசு உதவி பெறுவது எப்படி?

புது தில்லி: பக்கவாதம், பார்க்கின்சன் நோய், செவித்திறன் இழப்பு, பார்வைக் குறைவு ஆகியவற்றால் 60 வயதுக்குப் பிறகு பாதிக்கப்படுவோரும் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இவற்றை முதுமையின் இயல்பு என்று கருதி ஒதுக்குவோர், சட்டம் வழங்கும் உரிமையை இழக்க நேரிடுகிறது.

சட்டம் கூறுவது என்ன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. குறைபாடு பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும் என்றோ, குறிப்பிட்ட வயதுக்குள் ஏற்பட்டிருக்க வேண்டும் என்றோ அதில் நிபந்தனை இல்லை. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தபட்சம் 40 சதவீதக் குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும்.

முதல் படி சான்றிதழ்

ஆதார், புகைப்படம், மருத்துவ ஆவணங்களுடன் மத்திய அரசின் 'ஸ்வாவ்லம்பன்' இணையதளத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவ அதிகார அமைப்போ, சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையோ பரிசோதனை நடத்தும். தாமாக விண்ணப்பிக்க இயலாத நிலையில் உள்ளவர் சார்பில் சட்டப்பூர்வ பாதுகாவலர் விண்ணப்பிக்கலாம். 40 சதவீதத்துக்குக் குறைவானோருக்கு வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80 மற்றும் அதற்கு மேல் நீல நிற அட்டை வழங்கப்படும்.

நோயின் பெயரைக் காட்டிலும், சிகிச்சைக்குப் பின்னும் எஞ்சியிருக்கும் செயலிழப்பே மதிப்பிடப்படுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் இருந்தால் அனைத்தையும் பதிவு செய்வது அவசியம். எனினும், சதவீதங்கள் நேராகக் கூட்டப்படுவதில்லை. 40 சதவீத இயக்கக் குறைபாடும் 30 சதவீதச் செவித்திறன் குறைபாடும் உள்ளவருக்கு, உரிய சூத்திரப்படி 70 அல்ல, ஏறத்தாழ 57 சதவீதமே கிடைக்கும்.

ஓய்வூதியம் எவ்வளவு?

இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள 18 முதல் 79 வயதுடையோருக்கு மத்திய அரசு மாதம் 300 ரூபாய் வழங்குகிறது. 80 வயதானதும் இது 500 ரூபாயாகும்.

குறைபாடு 80 சதவீதத்தை எட்டாத வறிய முதியோருக்கு, 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், அதன்பின் 500 ரூபாய் என மத்திய முதியோர் ஓய்வூதியம் உண்டு. மாநில அரசுகள் கூடுதல் தொகையும் தனித் திட்டங்களும் வழங்குகின்றன. அவற்றின் தகுதி வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், 80 சதவீதத்துக்குக் குறைவானோர் தங்கள் மாநில விதிகளைச் சரிபார்ப்பது நல்லது. மத்திய ஓய்வூதியங்களுக்கு ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களிலும் 'உமாங்' செயலியிலும் விண்ணப்பிக்கலாம்.

பிற உதவிகள்

2017-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில், குறைந்த வருமானமுள்ள மூத்த குடிமக்களுக்கு ஊன்றுகோல், நடைச்சட்டம், காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, மூக்குக் கண்ணாடி, செயற்கைப் பல்வரிசை ஆகியவை இலவசமாக வழங்கப்படுகின்றன. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு 75,000 ரூபாயும், 80 சதவீதம் மற்றும் அதற்கு மேல் குறைபாடுள்ளோருக்கு 1.25 லட்சம் ரூபாயும் வருமானத்திலிருந்து கழிக்கப்படும்.

நிராகரிக்கப்பட்டால்

சான்றிதழ் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த முடிவையோ, வழங்கப்பட்ட சதவீதத்தையோ ஏற்காதவர், சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இதற்கான கால வரம்பை மாநில அரசின் விதிகள் நிர்ணயிக்கின்றன.