'ஆம்பள அழலாமா?': ஆண்கள் மீதான கற்பிதங்கள் என்னென்ன? ஏன் ஆபத்து?

"டேய், ஆம்பளப்புள்ள அழலாமா?" கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பையனிடம் பல வீடுகளில் முதலில் கேட்கப்படுவது இதுதான். சாதாரணமாகத் தெரியும் இந்த வார்த்தை, பெரியவனான பிறகும் அவன் கூடவே வருகிறது.

புதுக்கோட்டை காட்டிய வழி

1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஊரில் கேலி பேசியவர்கள் உண்டு. லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்க வசதி என்றார்கள்!

'பொம்பளையால முடியாது' என்ற பேச்சு அப்படி உடைந்தது. ஆனால், 'ஆம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்' என்ற பேச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் முக்கியமான நான்கு இங்கே:

1. ஆம்பள அழமாட்டான்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி, 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். இதில் ஆண்கள் மட்டும் 1,22,724 பேர். அதாவது, 10 பேரில் 7 பேர். கடன், நோய், குடும்பப் பிரச்சினை என காரணங்கள் பல. ஆனால், மனசுவிட்டுப் பேசுவதையே பலவீனம் என்று பழக்கிவிட்டால், உதவி கேட்கும் வழியும் அடைபட்டுப் போகிறது.

2. சம்பாதிக்கிறவன்தான் ஆம்பள

2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயலில் வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் பல வருஷம் வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. மரம் போனால் வருமானம் போகும். வருமானத்தை வைத்தே ஆணை மதிப்பிடும் ஊரில், அதோடு சேர்த்து மரியாதையும் போனதாக அவன் நினைக்கிறான். 2022-ல் தற்கொலை செய்துகொண்டவர்களில் கால் பங்குக்கும் மேல் தினக்கூலிகள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

3. புள்ள வளர்க்கிறது பொம்பள வேலை

மத்திய அரசு ஊழியர்களில் தாய்க்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு. தந்தைக்கு 15 நாள்தான். குடும்பக் கட்டுப்பாட்டிலும் இதே கதை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) பெண் கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பியிருப்பவர்கள் 37.9 சதவீதம், ஆண் கருத்தடை வெறும் 0.3 சதவீதம். ஆணுக்கான அறுவை சிகிச்சைதான் எளிது. 'ஆண்மை போயிடும்' என்ற பயத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

4. பையனுக்கு என்ன ஆகிடப் போகுது?

2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் மேல் சிறுவர்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டம் ஆண் குழந்தைகளையும் பாதுகாக்கிறது. ஆனால், 'வெளிய சொன்னா கேலி பண்ணுவாங்க' என்று பையன் வாயை மூடிக்கொண்டால் சட்டம் எப்படி உதவும்?

ஆண்களுக்கு மட்டும்தான் பாதிப்பா?

இல்லை. அழுகை கூடாது, பயம் கூடாது என்று வளர்க்கப்படும் பையனுக்கு அனுமதிக்கப்படும் ஒரே உணர்ச்சி கோபம். அது கடைசியில் மனைவி மீதும் பிள்ளைகள் மீதும்தான் இறங்குகிறது.

என்ன செய்யலாம்?

* பையன் அழுதால் தடுக்காதீங்க. என்ன ஆச்சுன்னு கேளுங்க.
* வீட்டு வேலையை மகன், மகள் இருவருக்கும் பிரித்துக் கொடுங்க.
* நண்பன் திடீரென ஒதுங்கிப் போனால், 'ஆம்பள மாதிரி இரு' என்று சொல்வதற்குப் பதில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க.

ஜென்ட்ஸ் சைக்கிளைப் பெண்கள் ஓட்டியதால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆம்பள அழுதாலும் முழுகாது.

(தற்கொலை எதற்கும் தீர்வல்ல. மன அழுத்தம் இருந்தால் டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 எண்களை அழைக்கலாம். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098.)