யானைக்கு எந்த தோட்டா? சின்ன குண்டா, பெரிய குண்டா? வேட்டை துப்பாக்கிக்கு ‘சைஸ்’ விதி வந்த கதை

பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி பக்கம் அந்தக்கால வேட்டைக்கதை பேச ஆரம்பித்தால் கென்னத் ஆண்டர்சன் பெயர் வராமல் போகாது. பெங்களூரில் இருந்து வந்து இந்த காடுகளில் ஆட்கொல்லி புலி, சிறுத்தைகளை சுட்டவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள்.

“அந்த துப்பாக்கிக்கு புலி சரி, யானை விழுமா?” என்று கேட்டால் போதும். ரெண்டு கட்சியாக பிரிந்து விடுவார்கள். இது நம்ம ஊர் சண்டை மட்டும் இல்லை. உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் 100 வருஷத்துக்கும் மேலாக போடுகிற சண்டை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெயரை நம்பாதீங்க

பித்தளை கூடு, வெடிமருந்து, அதை பற்றவைக்கும் கேப், முன்னால் பாய்ந்து போகும் குண்டு ஆகிய நாலும் சேர்ந்ததுதான் தோட்டா. .375, .405 என்பதெல்லாம் அங்குல கணக்கில் சொல்லப்படும் குழல் அளவு. .375 என்றால் சுமார் 9.5 மில்லிமீட்டர்.

ஆனால் பெயரில் உள்ள எண்ணும் உண்மை அளவும் எப்போதும் ஒன்றாக இருக்காது. .303 துப்பாக்கியின் குண்டு உண்மையில் .311 அங்குலம். .275 ரிக்பி என்று இங்கிலாந்தில் விற்றது, ஜெர்மனிக்காரர்களின் 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவேதான்.

1,011 யானைகள்

சின்ன குண்டு கட்சிக்கு ஒரே சாட்சி போதும். ‘கரமோஜோ’ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக 1,011 யானைகளை சுட்டவர். இதில் பெரும்பகுதியை அந்த 7 மில்லிமீட்டர் தோட்டாவிலேயே முடித்தார். குண்டின் எடை வெறும் 11 கிராம்.

எப்படி முடிந்தது? செத்த யானையின் மண்டை ஓட்டை அறுத்து, மூளை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாடம் படித்தார். முனை நசுங்காத கெட்டி குண்டு மட்டுமே போட்டார். யானையின் மண்டை எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். மெல்லிய முனை குண்டு அதில் உடைந்து விடும். கெட்டி குண்டு நேராக துளைத்துக்கொண்டு போகும்.

பெரிய குண்டு கட்சி இதற்கு ஒரே பதில்தான் சொல்லும். “பெல் மாதிரி எத்தனை பேர் சுடுவாங்க?” கை கொஞ்சம் தவறினாலும் அதிர்ச்சியில் யானையை நிறுத்த வேண்டும் என்பது இவர்கள் வாதம். .470 நைட்ரோ தோட்டாவின் குண்டு 32 கிராம். பெல் போட்டதைப்போல ஏறக்குறைய 3 மடங்கு.

ஆனால் பெரிய துப்பாக்கி தோளில் பலமாக உதைக்கும். உதைக்கு பயந்து விசையை வெடுக்கென்று இழுத்தால் குறி தப்பும்.

தப்பிய குண்டு செய்யும் வேலை

குறி தப்பினால் அது வேட்டைக்காரரோடு போவதில்லை. 1907-ல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண் புலி, 436 பேரை கொன்றதாக கணக்கு. அதன் வலது பக்க கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டால் வந்த காயம் அது. வழக்கமான இரையை பிடிக்க முடியாமல்தான் அது மனுஷனை பிடித்தது என்றார் கார்பெட்.

அரைகுறை காயத்தோடு மிருகம் தப்பக்கூடாது. குறைந்தபட்ச அளவு விதிக்கு முக்கிய காரணம் இதுதான்.

குழல் மட்டும் போதாது

இன்றைக்கும் சட்டப்படி வேட்டை நடக்கும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் ஆபத்தான விலங்குக்கு .375-தான் குறைந்தபட்சம். 1912-ல் வந்த .375 ஹாலண்டு தோட்டா அங்கே பொது அளவுகோல் ஆகிவிட்டது.

ஜிம்பாப்வே இரண்டு கணக்கு கேட்கிறது. யானை, காட்டெருமைக்கு குழல் 9.2 மில்லிமீட்டருக்கு குறையக்கூடாது. குண்டின் வேக சக்தி 5,300 ஜூலுக்கும் குறையக்கூடாது. நமீபியாவில் சக்தி கணக்குதான். யானை, காட்டெருமைக்கு 5,400 ஜூல். பெரிய மான் இனங்களுக்கு 2,700. சின்ன மானுக்கு 1,350.

இந்த தராசில் ஆண்டர்சனின் .405-ஐ வைத்து பார்ப்போம். குழல் 10 மில்லிமீட்டருக்கு மேல், அதில் பாஸ். சக்தி சுமார் 4,370 ஜூல்தான், அதில் பெயில். .375 ஹாலண்டு குழலில் சின்னது. ஆனால் சக்தி சுமார் 5,800 ஜூல். இரண்டிலும் பாஸ். பெல்லின் 7 மில்லிமீட்டரோ இரண்டிலுமே பெயில்.

ஆக, டீக்கடை சண்டைக்கு தீர்ப்பு இதுதான். புலிக்கு .405 தாராளம். யானைக்கு இன்றைய விதிப்படி பத்தாது. குழல் பெருசா என்று மட்டும் கேட்டால் பாதி கேள்விதான். குண்டு என்ன எடை, என்ன வேகம், கெட்டியா, மெதுவா, எங்கே படுகிறது என்பதுதான் மீதி பாதி.

இந்தியாவில் காரணமே வேறு

நம்ம நாட்டில் வந்த அளவு விதி மிருகத்துக்காக வந்தது இல்லை. 1907-ல் .450 தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவர வெள்ளைக்கார அரசு தடை போட்டது. ஏன்னா, பழைய ராணுவ மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் அதே .450 குழல். வேட்டை குண்டு கலகக்காரர் கைக்கு போய்விடும் என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளில் இறங்கின. யானை வேட்டையில் பெயர் வாங்கிய .470 இப்படித்தான் பிரபலமானது.

ராணுவ அளவு என்பதால் .303-ம் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த இடத்துக்கு வந்ததுதான் .315. மேற்கு வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் ஆலை தயாரிப்பு. உரிமத்தோடு வைத்துக்கொள்ளலாம். .303, 7.62 மில்லிமீட்டர் ராணுவ ரைபிள்கள் தடை பட்டியலில் இருக்கின்றன. 2019 சட்ட திருத்தத்துக்கு பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

லைசென்ஸ் இருந்தா சுடலாமா?

கூடாது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேறு, வேட்டை வேறு. 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி புலி, யானை, சிறுத்தையை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு ஜெயில். ஆட்கொல்லி என்றாலும் தலைமை வன உயிரின காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவு போட வேண்டும். பிடிக்க முடியாது, மயக்க ஊசியும் பலிக்காது என்று அவருக்கு தெளிவானால்தான் சுட உத்தரவு.

நீலகிரியில் ரெண்டும் நடந்திருக்கிறது. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பகுதியில் 3 பேரை கொன்ற புலி சுட்டுக்கொல்லப்பட்டது. 2021-ல் மசினகுடி காட்டில் நாட்கணக்கில் ஆட்டம் காட்டிய ‘டி-23’ புலியை அக்டோபர் 15-ந்தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள்.

காட்டோரத்தில் ஒளித்து வைத்திருக்கும் நாட்டுத்துப்பாக்கிக்கு அளவும் கிடையாது, சக்தி கணக்கும் கிடையாது. அதில் அடிபட்டு தப்பும் மிருகம் கடைசியில் யார் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதை சம்பாவத் புலி 100 வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.