சொரோச்சே: மலைக்குருதி குறித்த ஒரு வழக்கு

ஆண்டிஸ் மலைகளில் ஏறுவோருக்கு வரும் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவற்றை அங்குள்ளோர் ‘சொரோச்சே’ என்பர். கெச்சுவா மொழியிலிருந்து ஸ்பானியத்திற்குச் சென்ற இச்சொல் ஈயக் கனிமம் ஒன்றையும் குறிக்கும். கனிமத்திலிருந்து எழும் ஆவியே அந்நோயைத் தருகிறது என்ற பழைய நம்பிக்கை இச்சொல்லில் உறைந்துள்ளது.

காரணம் காற்றில் இருந்தது. அழுத்தம் குறையும்போது உடலுக்குக் கிட்டும் ஆக்சிஜன் குறைவதே நோயின் மூலம் என்று 1878இல் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் நிறுவினார். அக்குறைவுக்கு இரத்தம் தரும் விடையை எண்ணிக் காட்டியவர் பிரான்சுவா வியோ. கடற்கரை நகரமான லிமாவில் அவரது இரத்தத்தில் கன மில்லிமீட்டருக்கு 50 இலட்சம் சிவப்பணுக்கள் இருந்தன. ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்திலுள்ள மொரோகோச்சா சுரங்க ஊரில் மூன்று வாரங்கள் தங்கியபின் அவை 80 இலட்சத்தை எட்டின. இதனை அவர் 1890இல் வெளியிட்டார். தொடக்கத்தில் காணும் உயர்வின் பெரும்பங்கு இரத்தநீர் குறைந்து அணுக்கள் செறிவதால் நேர்வது என்பதும், புதிய அணுக்கள் பெருக வாரங்கள் ஆகும் என்பதும் பின்னர்த் தெளிவாயின.

 எண்ணிக்கையின் பொருளில் கருத்து வேறுபாடு எழுந்தது. 1921–22இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜோசப் பார்கிராஃப்ட் தம் குழுவுடன் பெருவின் செர்ரோ தே பாஸ்கோவில் ஆய்வு நடத்தினார். உயரத்தில் வாழ்வோர் அனைவரும் உடலாற்றலிலும் அறிவாற்றலிலும் குன்றியவர்கள் என்று 1925இல் வெளிவந்த தம் நூலில் அவர் முடிவு கூறினார். சில வாரங்களே தங்கிய ஒருவர், பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்துவரும் மக்களைப் பற்றி அளித்த தீர்ப்பு அது.

லிமாவின் மருத்துவர் கார்லோஸ் மோங்கே அதனை ஏற்கவில்லை. 1927இல் தாமே ஒரு குழுவை மலைக்கு அழைத்துச் சென்று ஆராய்ந்தார். பார்கிராஃப்ட்தாம் தம்மை அறியாமல் மலைநோயுற்றிருந்தார் என்றும் எழுதினார். எனினும் மோங்கே தம் மக்களின் குருதியைப் போற்றுவதோடு நின்றுவிடவில்லை. மலைவாழ்வோருள் சிலருக்குச் சிவப்பணுக்கள் அளவுகடந்து பெருகுவதும், கடற்கரைக்கு இறங்கினால் அத்துன்பம் தணிவதும் கண்டு, அதனைத் தனி நோயாக 1925இலேயே விவரித்தவரும் அவரே. அந்நோய் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

இரத்தத்திற்கு அக்கட்டளை எங்கிருந்து வருகிறது என்பது அதற்குப் பின்னரே விளங்கிற்று. ஆக்சிஜன் குறைவைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. உயிரணுக்கள் ஆக்சிஜனை உணரும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

திபெத்தியர் பலருக்கு, அதே உயரத்தில் வாழும் ஆண்டிஸ் மக்களைவிட ஹீமோகுளோபின் குறைவு. ஆக்சிஜனை உணரும் அமைப்பைச் சார்ந்த ஒரு மரபணுவின் தனி வடிவம் அவர்களிடம் பரவலாக இருப்பதை 2010இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மிகுந்த அணுக்களோடும் வாழலாம், மிகாத அணுக்களோடும் வாழலாம்.  கேம்பிரிட்ஜின் உடலை அளவுகோலாக வைத்து பார்கிராஃப்ட் வழங்கிய தீர்ப்பு நிலைக்கவில்லை.